யாரிடமும் பகிரக் கூடாத ஆறு இலக்கங்கள்

எங்கள் வீட்டில் எல்லாரிடமும் செல்போன் உண்டு. ஆனால் நம்பர் என்று சொன்னால் அது என்னுடையதுதான். இருபது வருடத்துக்கு மேலாக நான் மாற்றாத நம்பர். அப்பாவின் பென்ஷன், மனைவியின் ஆதார், மகனின் பள்ளிக்கூட ஆப், ரயில் டிக்கெட், மருந்துக்கடை, மின்சார வாரியம் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகின்றன. கோடம்பாக்கத்தில் இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டு கேஸ் இணைப்புகூட என் நம்பரில்தான் இருக்கிறது. புது வீட்டுக்குக் குடிபோனபோது, "இப்போதைக்கு உங்க நம்பரைக் குடுத்துக்கறேன் தம்பி" என்றார். அந்த இப்போதைக்குக்குப் பன்னிரண்டு வயதாகிறது.

அதனால் குடும்பத்தில் யார் எதைத் தொட்டாலும் ஓடிபி என் போனில் வந்து விழும். வீட்டில் இருந்தால் ஹாலிலிருந்து ஒரு குரல் வரும்: "ஓடிபி!" நான் எங்கிருந்தாலும், குளியலறையாக இருந்தாலும், எண்ணை உரக்கச் சொல்வேன். வெளியே இருந்தால், வந்த குறுஞ்செய்தியை அப்படியே நகலெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒட்டிவிடுவேன். அந்தக் குழுவுக்கு ஒரு காலத்தில் 'நம் குடும்பம்' என்று பெயர். என் மகன் அதை 'ஓடிபி சேவை மையம்' என்று மாற்றினான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒட்டுவதற்கு முன் செய்தியைப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை. ஒருமுறை நிதானமாகப் படித்து, எது யாருக்கு என்று பிரித்து அனுப்பினேன். அதற்குள் அக்கா வீட்டு வாசலில் நின்ற சிலிண்டர்க்காரர் எண் கிடைக்காமல் சிலிண்டரோடு திரும்பிப் போய்விட்டார். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து நான் வெறும் தபால்காரன். கடிதத்தைப் பிரிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா மின்சார வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் வரும் ஒவ்வொரு ஓடிபியையும் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பார். பத்து நிமிடத்தில் செத்துப்போகிற எண் அது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். "எதுக்கும் இருக்கட்டும்டா" என்பார். டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருக்கிறார்: தேதி, நேரம், எண், கேட்டவர்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. இணையத்தில் கிடைக்கும் ஆபாசப் படங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவர யோசிக்கிறதாம். பதினெட்டு வயது நிரம்பியதை நிரூபிக்காமல் யாரும் அந்த மாதிரித் தளங்களுக்குள் நுழைய முடியாதபடி செய்யப் போகிறார்களாம். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம்.

அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். என் மகனுக்குப் பதினாறு வயது. ப்ளஸ் ஒன். ஒரு வருடமாக அவன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே படிக்கிறான் என்று நம்புகிற தைரியம் சில பெற்றோருக்கு உண்டு. எனக்குக் கிடையாது. தினமும் நாலைந்து முறை அந்தக் கதவைக் கடந்து போவேன், கையில் ஏதாவது ஒரு சாமானோடு. ஒருநாள் அவன் கதவைத் திறந்து, "அப்பா, அந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கதான் கொண்டுபோறீங்க? காலையிலேர்ந்து நடக்குது அது" என்றான்.

ஆகவே, எங்கள் குடியிருப்புச் சங்கம் அந்தச் சட்டத்தை ஆதரித்து அரசுக்குக் கடிதம் அனுப்புவது என்று முடிவெடுத்தபோது, கையைத் தூக்கியவர்களில் நான் முதல் ஆள். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருபத்துநாலு வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றியும் குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றியும் நான் எழுதும் அறிவிப்புகளுக்கு அங்கே நல்ல பெயர். கடிதம் எழுதும் வேலை என்னிடமே வந்தது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கட்டடமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். என் வரைவைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பித் தந்தார். 'சீரழிவு' என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது. ஏழையும் வட்டம் போட்டிருந்தார்.

"உணர்ச்சி நிறைய இருக்கு சார். விஷயம் இல்லை" என்றார். "ஒரு சின்னப் பையன் இன்னிக்கு எவ்வளவு சுலபமா உள்ள போக முடியுதுன்னு கண்ணால பார்த்து எழுதுங்க. என்ன கேக்கறாங்க, என்ன கேக்கலை. அப்போதான் அதிகாரிங்க படிப்பாங்க."

"நான் எப்படி டீச்சர் அதெல்லாம் போய்..."

"பார்க்கச் சொல்லலை சார். வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பேர் இதுல வரக் கூடாது" என்றார்.

வாசல் வரைக்கும் போவதற்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் முடியாது. தி. நகரில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் இரண்டு மேஜைகள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் பனகல் பார்க்குக்குப் போய், வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். போன் பிரவுசரில் சுவடு தங்காத மறைவு ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒரு சொல்லைத் தட்டினேன். எந்தச் சொல் என்று கடிதத்திலும் எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

முதல் தளத்தின் வாசலில் ஒரே ஒரு கேள்வி. பதினெட்டு வயது ஆகிவிட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவ்வளவுதான். இதற்கா ஒரு வாசல் என்று நான் கோபமாக யோசித்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "சார், கடலை!"

போன் என் கையிலிருந்து குதித்துப் புல்லில் விழுந்தது. வேர்க்கடலைக்காரர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். திரையைப் பார்த்தார். என் தலையின் நரையைப் பார்த்தார். "ஆச்சுன்னு அமுக்கு சார், இன்னாத்துக்கு யோசிச்சுக்கினு கீற?" என்று போனைக் கையில் கொடுத்து, ஒரு பொட்டலம் கடலையையும் விற்றுவிட்டுப் போனார்.

இரண்டாவது தளம் பிறந்த வருடத்தைக் கேட்டது. எந்த வருடத்தைச் சொன்னாலும் நம்பும் போலிருந்தது. சோதித்துப் பார்க்க, என் தாத்தா பிறந்திருக்கக்கூடிய ஒரு வருடத்தைப் போட்டேன். மரியாதையாக வரவேற்றது. உடனே மூடினேன். மூன்றாவது தளம் வரப்போகிற சட்டத்துக்கு முன்னாலேயே பயந்துகொண்டதோ என்னவோ, செல் நம்பர் கேட்டது. குறியீடு அனுப்பும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். நம்பர் என்றதும் என் விரல் தன் பாட்டுக்கு என் சொந்த நம்பரைத் தட்டிவிட்டது. இருபது வருடப் பழக்கம்.

குறியீடு வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, 'மூன்றாவது வாசல்: குறியீடு வரவில்லை. ஒரு வகையில் நல்ல பாதுகாப்பு' என்று குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். வாங்கிய கடலையைச் சாப்பிடக்கூட மனசு வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். லஸ் முனைக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றபோது அக்கா போன் செய்தார். "தம்பி, சிலிண்டர் வந்துடுச்சு, ஆள் நிக்கறான், நம்பரைப் போடுங்க!" போன் தொடர்ச்சியாக மூன்று முறை அதிர்ந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் மூன்று செய்திகளையும் குழுவில் ஒட்டினேன். சிலிண்டர்க்காரர் திரும்பிப் போவதற்குள் முடித்துவிட்ட திருப்தி.

மூன்றில் கடைசிச் செய்தி, மதியம் பனகல் பார்க்கில் வராமல் போனது. நெட்வொர்க்கில் எங்கேயோ ஆறு மணி நேரம் சுற்றிவிட்டு லஸ் முனையில் என்னைப் பிடித்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: 'வயது வந்தோருக்கான உள்ளடக்கத்தைப் பார்க்க நீங்கள் கோரிய குறியீடு' என்று ஆரம்பித்து, தளத்தின் பெயர், ஆறு இலக்கங்கள், 'யாரிடமும் பகிர வேண்டாம்.' நான் நாலு பேரிடம் பகிர்ந்திருந்தேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக் கதவைத் திறந்தபோது ஹாலில் என் மனைவி, அப்பா, மகன் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். திருத்திக்கொண்டிருந்த பேப்பர்கள் தரையில் கிடந்தன. அவள் கையில் போன், ஸ்பீக்கரில் அக்கா.

"...கடைசியா வந்ததுதானே நம்ம நம்பருன்னு அதைப் படிச்சேண்டி. அவன் தட்டிப் பார்த்துட்டு இல்லைன்னான். போனையே அவன்கிட்ட காட்டிட்டேன். அவன் படிக்கறான், வாசல்ல நின்னு, எதிர் வீட்டு மாமி கேக்கற மாதிரி. 'இன்னாக்கா, வயசு வந்தவங்களுக்குன்னு போட்டுக்கீது. சிலிண்டருக்கு இன்னாத்துக்குக்கா வயசு?' எனக்கு அப்படியே உடம்பெல்லாம் கூசிடுச்சு!"

நான் என் போனைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவசரமாக அந்தச் செய்தியை அழுத்தி நீக்கினேன். என் போனிலிருந்து மட்டும் அது நீங்கியது.

"தம்பி மேல தப்பில்லை" என்றது அக்காவின் குரல். "அவர் பாவம், வந்ததை அனுப்பறவர். உங்க வீட்டுல யாரு கேட்டதுன்னு பாருங்க."

எங்கள் வீட்டு வழக்கப்படி இது முழு உண்மை. தாமதித்தால் ஒழிய, ஓடிபி அனுப்புகிறவன்மேல் பழி விழுவதில்லை. கேட்டவர்தான் பொறுப்பு. நான் ஓடிபி கேட்டு யாரும் பார்த்ததே இல்லை, என்னுடையது நேராக எனக்கே வந்துவிடுவதால். அந்த நிமிடம் குடும்பத்தில் சந்தேகத்துக்கு வெளியே நின்ற ஒரே ஆள் நான்தான்.

அப்பா டைரியோடு நின்றார். நேரமும் எண்ணும் எழுதியாகிவிட்டது. கடைசிப் பத்தி காலி. "யாருடா கேட்டது?" என்றார் பொதுவாக. பொதுவாகக் கேட்டாலும் எல்லாரும் பார்த்தது பதினாறு வயதைத்தான்.

நான் வாயைத் திறந்தேன். சங்கத்துக் கடிதம், டீச்சர், வாசல், பனகல் பார்க், கடலை, எதிலிருந்து ஆரம்பிப்பது? ஸ்பீக்கரில் அக்கா வேறு காத்திருக்கிறார். நான் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மகன் என்னைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கேட்டது தானில்லை என்று என்னைத் தவிர நிச்சயமாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே. அந்தப் பார்வை என் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியது.

"நான்தான் தாத்தா" என்றான். "எதையோ தேடும்போது தெரியாம அழுத்திட்டேன்."

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒரு நொடி போனது, அடுத்த நொடி போனது, ஒவ்வொரு நொடியும் போகப் போக அடுத்ததில் பேசுவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, காலிப் பத்தியில் என் மகன் பெயரை எழுதினார். நல்ல அழுத்தமான எழுத்து அவருக்கு.

தண்டனையை மனைவி அறிவித்தாள். போன் பறிமுதல். சனிக்கிழமை பள்ளி க்விஸ் அணியோடு கோயம்புத்தூர் போவதாக இருந்தான், அதுவும் ரத்து. மூன்று பேர் கொண்ட அணி. ஒருவன் போகாவிட்டால் மற்ற இரண்டு பேரும் போக முடியாது. மூன்று மாதமாக அவன் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க ஒரு வார்த்தை கண்டிக்க மாட்டீங்களா? அப்பான்னு எதுக்கு இருக்கீங்க?" என்று மனைவி என்னை அவன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிக் காதுகள் இருப்பது தெரியும். "இதெல்லாம் நல்லாவா இருக்கு? குடும்ப மானம் என்ன ஆகறது?" என்று உரக்கச் சொன்னேன். சொல்லும்போதே என்னைத்தான் சொல்கிறேன் என்பதால் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. மகன் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டான். பிறகு மெதுவாக, "பரவால்லப்பா" என்றான்.

"என்னடா பரவால்ல?"

"எனக்குன்னா எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. உங்களுக்குன்னா தாத்தா தாங்க மாட்டாரு. பெரியம்மா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"டேய், அது அந்த சட்டம் சம்பந்தமா, லெட்டர் எழுதறதுக்காக..."

"சரிப்பா" என்றான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிடம் சொல்கிற சரி. "நீங்க எதுவும் விளக்க வேணாம். உங்க ப்ரைவசி அது."

மறுநாள் காலை, சமையலறையில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"புள்ளைக்காகப் பழியை உங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்லைம்மா, நிஜமாவே நான்தான்."

"இந்த வயசுல, மத்தியான வெயில்ல, பனகல் பார்க்ல உக்காந்து? நீங்க? வேற எதாவது நம்பற மாதிரி சொல்லுங்க. இப்படிச் செல்லம் குடுத்துக் குடுத்துத்தான் அவன் இப்படி ஆனான்."

நோட்டைக் காட்டினேன். மூன்று வாசலைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. "நேத்து சாப்பிட்டதும் ரொம்ப நேரம் உக்காந்து எழுதினீங்களே, இந்தக் கதையைத்தானா?" என்றாள். நான் எழுதியது கடிதத்தின் இரண்டாவது வரைவு. போனில் சுவடு காட்டலாம் என்றால், சுவடு இருக்கக் கூடாது என்றுதானே அந்த ஜன்னலைத் திறந்தேன். அப்பாவிடம் போனேன். அவர் பாதி கேட்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பரீட்சையில காப்பியடிச்சப்போகூட மூஞ்சியைப் பார்த்தே கண்டுபுடிச்சவன் நான். உனக்கு அந்தத் தைரியமெல்லாம் கிடையாதுடா" என்றார். இதை அவர் பாராட்டாகச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் வாயை மூடியிருந்தபோது ஒரே ஒரு நாள் அவன் குற்றவாளி. வாயைத் திறந்த பிறகு, தகப்பனையே பொய் சொல்லவைத்த குற்றவாளி ஆகிவிட்டான்.

மிச்சமிருந்த சாட்சி டீச்சர் ஒருவர்தான். அவர் மூன்றாம் மாடி. புதனும் வியாழனும் படியேறிக் கதவு வரை போய் நின்றேன். என் பேர் வரக் கூடாது என்று சொன்னவர். அழைப்பு மணியில் விரலை வைத்துவிட்டு எடுத்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வருவதில் எனக்கு நல்ல பயிற்சி ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். தரைத்தளத்தில் கார்களை ஓரங்கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடிதத்தை நான் படித்துக் காட்ட வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். முன்வரிசையில் அப்பாவும் மனைவியும். மகன் கீழே வரவில்லை. மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவனுடைய ரயில், அவன் இல்லாமல் கிளம்பப் போகிறது.

நான் முதல் பத்தியை ஒழுங்காகப் படித்தேன். இந்தச் சட்டம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும் என்பது அதன் சாரம். அதை நான் இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது பத்திக்கு வந்தேன். அதை யாருக்கும் காட்டாமல் அன்று மத்தியானம் எழுதியிருந்தேன்.

"இக்கடிதத்தை எழுதும் நான், நாற்பத்தொன்பது வயதானவன், கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் பனகல் பூங்காவில் அமர்ந்து, மேற்படி தளங்கள் மூன்றின் வாசல் வரை சென்று வந்தேன்."

கூட்டத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நான் நிமிராமல் படித்துக்கொண்டே போனேன்.

"மூன்றாவது தளம் என் கைபேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்பியது. அது ஆறு மணி நேரம் தாமதமாக வந்து, என் தவறால் என் குடும்பத்தாருக்குச் சென்றது. அதைக் கோரியவன் என் பதினாறு வயது மகன் என்று எல்லோரும் கருதினர். அவனும், என்னைக் காப்பாற்ற, ஒப்புக்கொண்டான். நான் பேசாமல் இருந்தேன். ஐயா, எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் ஒரே எண்ணை நம்பி இருக்கிறோம். அந்த எண்ணைப் பொறுத்தவரை என் தந்தைக்கும் வயது நாற்பத்தொன்பது, என் மகனுக்கும் வயது நாற்பத்தொன்பது. எண்ணைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கும்படி சட்டம் எழுத வேண்டாம். என் வீட்டில் மூன்று நாளாக அப்படித்தான் தீர்மானித்து வைத்திருக்கிறோம்."

படித்து முடித்தேன். மாடியில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

முதல் மாடிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சார், இது கவர்மென்டுக்குப் போற லெட்டர். வீட்டு விஷயமெல்லாம் எதுக்கு..."

"புள்ளைக்காகத்தான் இப்படி எழுதியிருக்கார்" என்று என் மனைவி எழுந்து எல்லாரிடமும் சொன்னாள். அவள் குரல் உடைந்தது. "மன்னிச்சுக்குங்க. அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

அப்போதுதான் டீச்சர் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் காலை வணக்கக் கூட்டத்தில் பேசிய குரல் அது, மைக் தேவையில்லை.

"அவர் அப்படிப்பட்டவர்தான். நான்தான் போகச் சொன்னேன். வாசல் வரைக்கும் போய் என்ன கேக்கறாங்கன்னு பார்த்துட்டு வாங்கன்னு சொன்னேன். என் பேரைச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னேன். அதுதான் தப்பு." என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒரு இடத்தில் எதையோ சேர்த்தார். 'எங்கள் சங்கச் செயலாளரின் வேண்டுகோளின் பேரில்' என்று. "இந்தப் பத்தி இருக்கட்டும். இதுலதான் விஷயம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க எல்லாரும்."

இருபத்துநாலு வீட்டில் பத்தொன்பது வீடு கையெழுத்துப் போட்டது. அப்பா என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில், "பனகல் பார்க்லயாடா?" என்றார். "எல்லாரும் வாக்கிங் போற இடம்டா அது." மனைவி நேராக லிப்டுக்கு நடந்தாள். லிப்டின் கதவு மூடுவதற்குள் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று பயந்து படியில் ஓடினேன். மாடியில் கதவு திறந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "கடலைக்காரன் என்ன சொன்னான், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மகன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கீழே படித்ததெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ நிஜமாவே லெட்டருக்குத்தானாப்பா?"

"ஆமாண்டா. அன்னிக்கே சொன்னேனே."

"ச்சே" என்றான். ஏமாற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "மூணு நாளா உங்களைப் பத்தி வேற மாதிரி நினைச்சிட்டு இருந்தேன்."

"எப்படி?"

"கொஞ்சம் நார்மலான ஆளுன்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்டா" என்றேன். அவன் என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் டீ ஷர்ட்டில் துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டான். "அழுக்கா இருந்துச்சு" என்றான். எழுந்து பெட்டி கட்டப் போனான்.

உள்ளே அப்பா டைரியைத் திறந்து வைத்து ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வரியில் கேட்டவர் பத்தியில் இருந்த பேரன் பெயரின் மேல் நேர்க்கோடு போட்டு, பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் என் பெயரை எழுதினார். இனிஷியலோடு. அக்காவுக்கு என் மனைவி போன் செய்து சொன்னாள். "தம்பியா?" என்ற குரல் ஸ்பீக்கர் இல்லாமலேயே எனக்குக் கேட்டது. அந்த மாதமே அக்கா கேஸ் இணைப்பைத் தன் சொந்த நம்பருக்கு மாற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் அவனை ஏற்றிவிடப் போனேன். ரயில் நகரத் தயாராக இருந்தபோது என் போன் அதிர்ந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, "அப்பா, ஓடிபி! சாப்பாட்டுக்கு!" என்று கத்தினான். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். ஒருமுறை போதவில்லை, இன்னொரு முறை படித்தேன். ரயில் நகர ஆரம்பித்தது. ஜன்னலோடு ஓடிக்கொண்டே ஆறு எண்ணையும் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலும்தான் எழுதியிருந்தது.